குதிரை மேல் இரண்டு கோடு

கோக்-பெல்
12 மார்ச் 2006

எர்மெக் அண்ணா,

வேன் ஓட்டும் குபாத் நாளை விடியும்போது கிளம்புகிறார். அதற்குள் இதை முடித்துக் கொடுக்க வேண்டும்.

எழுதாதே, மலையிலிருந்து இறங்கும்போது கூப்பிடுகிறேன், போனில் பேசு என்று ஒவ்வொரு தடவையும் சொல்கிறாய். நீ வாங்கி அனுப்பிய செல்போனில் ஊரே பேசுகிறது. எனக்கு மட்டும் அதைக் காதில் வைத்தால் வாய் கட்டிப்போகிறது. எதிரில் முகமே இல்லாமல் யாரிடம் பேசுவது? யாராவது கூப்பிட்டால் எடுத்து "ம்" என்பேன், உரியவரிடம் கொடுத்துவிடுவேன். காகிதத்தில்தான் எனக்குக் கொஞ்சம் தைரியம் வருகிறது. எட்டாம் வகுப்போடு நின்றவள் எழுத்து, பொறுத்துக்கொள்.

தபால் ஆபீஸ் போன் செத்தது செத்ததுதான். செப்புக் கம்பியைத் திருடி விற்றவன் கம்பத்தையும் சேர்த்து விற்றிருக்கலாம், அதைப் பார்க்கும் எரிச்சலாவது மிச்சமாகியிருக்கும். இப்போது எல்லோரும் கிழக்குச் சரிவில் இருக்கும் பிளந்த பாறைக்குத்தான் வருகிறார்கள். பாறையருகே நின்றால் சிக்னல் ஒரு கோடு. அப்பாவின் கிழட்டுச் சாம்பல் குதிரை மேல் ஏறி உட்கார்ந்தால் இரண்டு கோடு. அதனால் போனோடு குதிரையையும் சேர்த்தே வாடகைக்கு விடுகிறேன். நேற்று ஒரு பெரியவர் ஓஷ் நகரத்தில் இருக்கும் மகளைக் குதிரை மேலிருந்தபடி திட்டித் தீர்த்தார். இறங்கும்போது, "காலு மரத்துப்போச்சு. பாதி பாக்கி இருக்கு, நாளைக்கு வந்து திட்டறேன்" என்றார்.

பக்கத்து வீட்டுச் சகின் எஜெ தினமும் வருகிறார். அவருடைய பெரிய மகன் உலான் சைபீரியாவில் கட்டட வேலைக்குப் போனான் இல்லையா, மூன்று வாரமாக அவனிடமிருந்து போனே இல்லை. "கூப்பிட்டானாடி?" என்று கேட்பார். நான் இல்லையென்று தலையாட்டுவேன். குதிரையின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு மதியம் வரை நின்றுவிட்டுப் போவார்.

அப்பா உன்னைப் பற்றிப் பேசுவதில்லை. நீ விற்றுவிட்டுப் போன குட்டிக் குதிரை கட்டியிருந்த முளையை மட்டும் இன்னும் பிடுங்கவில்லை.

மீரிம்


அலாய் மலை முகாம்
21 மார்ச் 2006

மீரிம் தங்கச்சி,

நூருஸ் வாழ்த்துகள். இங்கே எங்களுக்குப் பண்டிகைச் சாப்பாடு என்று ஆறிப்போன கஞ்சி கொடுத்தார்கள், அதையும் பனியில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

போனில் என்னைப் பிடிக்க முடியவில்லை என்று ஊரில் யாரோ சொன்னார்களாம். நாங்கள் டவர் கட்டும் இடத்தில்தான் சிக்னல் இருக்காது, அம்மணி. கட்டி முடித்து சிக்னல் வந்ததும் எங்களை அடுத்த மலைக்கு விரட்டிவிடுவார்கள். நாடு முழுக்கப் பேசுகிறது, நாங்கள் மட்டும் ஊமை. அந்த விஷயத்தில் நீ எனக்குத் தங்கச்சிதான்.

இப்போது காதைக் கொடு. நம் பள்ளத்தாக்கிலிருந்து எவ்வளவு பேர் பேசுகிறார்கள் என்று கம்பெனி ஆபீசில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கோடைக்குள் போதுமான பேச்சு இருந்தால் அந்தப் பிளந்த பாறை மேலேயே டவர் வரும். அந்த டவரில் நான் ஏறுவேன். உச்சியிலிருந்து நம் வீட்டுப் புகைக்கூண்டு தெரியும். அப்பா வெளியே வந்து அண்ணாந்து பார்த்தே ஆக வேண்டும். குட்டிக் குதிரையை எதற்காக விற்றேன் என்று அப்போது அவருக்குப் புரியும். கயிறு கட்டி ஏறும் பயிற்சிக்கு அந்தப் பணம் இல்லாமல் யார் என்னைச் சேர்த்திருப்பார்கள்?

ஆகையால் ஊரைப் பேசவிடு. திட்டுகிறவரை இன்னும் நன்றாகத் திட்டச் சொல். நான் நலம்.

எர்மெக்


கோக்-பெல்
1 ஏப்ரல் 2006

அண்ணா,

இதைப் படித்ததும் கிழித்துவிடு. யாரிடமும் சொல்லாதே.

நம் வாசலில் ஒரு ஆட்டுக்குட்டி கட்டியிருக்கிறது. கத்திக்கொண்டே இருக்கிறது. அது எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

நேற்று முன்தினம் காலையில் நான் குதிரை மேல் இருந்தேன். சகின் எஜெ கீழே கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். போன் அடித்தது. எடுத்து "ம்" என்றேன்.

"உலான் வீட்டுக்காரங்களா?" என்றது ஒரு ஆண் குரல்.

"ம்."

"நான் அவனோட தங்கியிருக்கறவன். நேத்து மேலேர்ந்து பலகை சரிஞ்சு விழுந்துடுச்சு. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடியே போயிட்டான். கொண்டு வர ஏற்பாடு பண்ணிட்டிருக்கோம். பெரியவங்ககிட்ட சொல்லுங்க. அம்மாகிட்ட நேரா சொல்லிடாதீங்க."

"ம்" என்றேன். 

கீழேயிருந்து எஜெ, "யாருடி? என் புள்ளையா? என்ன சொல்றான்?" என்று கேட்டார். முகத்தை அண்ணாந்து வைத்துக்கொண்டு கேட்டார்.

சாவை ஒருத்தி தனியாகச் சொல்லக் கூடாது என்பது உனக்கும் எனக்கும் பால் குடிக்கும்போதே தெரியும். பெரியவர்கள் கூடி வர வேண்டும். இரண்டு பக்கமும் ஆள் உட்கார்ந்து, தோளைப் பிடித்துக்கொண்டு சொல்ல வேண்டும். குதிரை மேல் இருந்த எனக்கு இரண்டு பக்கமும் மலைதான் இருந்தது.

"நல்லா இருக்காராம் எஜெ" என்றேன். "வேலை இடம் மாறிட்டாராம். போன் தொலைஞ்சு போச்சாம். உங்களைக் கேட்டாராம்."

என் ஆயுளில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை. அந்தப் பேச்சுக்கு மட்டும் எனக்கு வாய் கட்டவே இல்லை.

எஜெ குதிரையின் கழுத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ஓடினார். சாயங்காலம் ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "சுயுஞ்சு" என்று என் கையில் வைத்தார். "நல்ல சேதி கொண்டு வந்தவள வெறுங்கையோட விடறதா? உங்கம்மா உயிரோட இருந்தா கேட்டே வாங்கியிருப்பா. நீ வாயில்லாப் பூச்சி. அதான் நானே கொண்டாந்தேன்."

வாங்கிக்கொண்டேன் அண்ணா. வாங்காமல் விட்டால் ஏன் என்று கேட்பாரே.

அப்பாவிடம் சொன்னேன். தேநீர்க் கிண்ணத்தை வைத்துவிட்டு ஊர்ப் பெரியவர்களிடம் போனார். உடல் வரும் நாள் தெரிந்து, வெளியூர்ச் சொந்தங்களும் வந்து சேர்ந்த பிறகுதான் சொல்வது என்று முடிவு செய்திருக்கிறார்கள். அதுவரை ஊரே வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்.

எஜெயோ வீடு வீடாகப் போய், மகன் நன்றாக இருக்கிறான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மீரிம்


அலாய் மலை முகாம்
2 ஏப்ரல் 2006

மீரிம்,

சுயுஞ்சு கொடு. முதலில் கொடு, பிறகுதான் சொல்வேன்.

சரி, கடனாக வைத்துக்கொள்கிறேன். நம் ஊர் பட்டியலில் ஏறிவிட்டது. இன்று ஜீப்பில் வந்த மேலாளரே சொன்னார். "உங்க ஊர்ல ஒரே போன்லேர்ந்து இத்தனை பேச்சா? யாருப்பா அந்த வாயாடி?" என்று கேட்டார். என் தங்கச்சிதான், ஊரிலேயே வாய் திறக்காதவள் என்றேன். நம்பவில்லை.

கோடையில் அளவு எடுக்க வருவார்கள். அதுவரை பேச்சு குறையக் கூடாது. சகின் எஜெயை நன்றாகப் பேசச் சொல். உலான் கூப்பிட்டானா? கூப்பிட்டிருப்பான். அவன் சின்ன வயதிலேயே எல்லாவற்றுக்கும் தாமதம்.

எனக்கு என்ன தருவாய், யோசித்து வை.

எர்மெக்


கோக்-பெல்
16 ஏப்ரல் 2006

எர்மெக் அண்ணா,

உன் கடிதத்தில் முதல் சொல்லைப் படித்ததும் அதை அடுப்பில் போட்டேன். பிறகு எடுத்துவிட்டேன். ஓரம் கருகியிருக்கிறது. என் கடிதம் அப்போது உன்னிடம் வந்து சேர்ந்திருக்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கோபம் போகவில்லை.

எஜெ மகிழ்ச்சியாக இருந்த அந்த நாட்களை நீ பார்க்கவில்லை. கடைக்குப் போனால் கடைக்காரர் கீழே குனிந்து எதையோ தேடினார். தபால் ஆபீஸ் அக்கா, "நல்லது எஜெ, நல்லது" என்று சொல்லிக்கொண்டே ஏற்கெனவே எடை போட்ட பொட்டலத்தை மறுபடியும் தராசில் வைத்தார். எஜெ கூடை நிறையப் போர்சோக் ரொட்டி பொரித்து எல்லா வீட்டுக்கும் கொடுத்தார். எல்லோரும் வாங்கினார்கள். சாவு தெரிந்தே எல்லோரும் தின்றார்கள். நம் வீட்டில் அப்பா மட்டும் துணியில் மூடி வைத்துவிட்டார்.

பிறகு ஒரு காலையில் பெரியவர்கள் அவர் வீட்டுக்குப் போனார்கள். பெண்கள் இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். யாரோ தோளைத் தொட்டதுமே அவருக்குப் புரிந்துவிட்டது. பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்க, அவர் அவர்களைப் பார்க்கவில்லை. கதவோரம் நின்ற என்னைக் கண்ணால் தேடிப் பிடித்தார்.

"நல்லா இருக்கான்னு சொன்னியே மீரிம்."

கத்தவில்லை அண்ணா. வழி தெரியாதவர் வழி கேட்பது போலக் கேட்டார்.

முற்றத்தில் கூடாரம் போட்டார்கள். ஆண்கள் தூரத்திலிருந்தே "என் தம்பியே" என்று அழுதபடி குதிரைகளில் வந்தார்கள். நான் தண்ணீர் சுமந்தேன். எஜெயின் பக்கம் போகவே இல்லை.

இப்போது பாறைக்கு யாரும் வருவதில்லை. "அந்தப் போன் பொண்ணு சொல்றதை எப்படி நம்பறது?" என்று குழாயடியில் பேசிக்கொண்டார்கள். நான் அங்கேதான் நின்றேன். நான் நிற்பது யாருக்கும் எப்போதும் தெரிவதில்லையே.

போனை மாவுப் பெட்டியில் போட்டு மூடிவிட்டேன். உன் டவர் வராவிட்டால் போகட்டும். ஆட்டுக்குட்டி என் பின்னாலேயே வருகிறது. பால் கொடுக்காமல் இருக்க முடியவில்லை, கொடுக்கவும் முடியவில்லை.

மீரிம்


அலாய் மலை முகாம்
30 ஏப்ரல் 2006

அன்புள்ள மீரிம்,

நான் நன்றாக இருக்கிறேன். சாப்பாடு நன்றாக இருக்கிறது. வானிலையும் பரவாயில்லை.

உலான் விஷயம் கேட்டு மிகவும் வருந்தினேன். ஆனால் நீ உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். செய்தி என்றால் செய்தி. டவருக்கு நல்லது கெட்டது தெரியாது, வந்ததைக் கொடுத்துவிடும். நீயும் அப்படி இருந்திருக்கலாம். பழைய முறை எல்லாம் கடிதம் வர மாதம் ஆன காலத்துக்கு. இனிமேல் எல்லாம் வேகமாக வரும், பழகிக்கொள்ள வேண்டும்.

நம் ஊரிலிருந்து பேச்சே நின்றுவிட்டது என்று ஆபீசில் கேட்கிறார்கள். போனை எடு. மேலே போ.

எனக்கு இங்கே வேலை அதிகம். கொஞ்ச நாள் எழுத முடியாமல் போகலாம். கவலைப்படாதே.

உன் அண்ணன்
எர்மெக்


கோக்-பெல்
14 மே 2006

அண்ணா,

டவருக்குத் தெரியாது, சரி. குதிரை மேல் உட்கார்ந்திருப்பவளுக்குத் தெரியுமே.

நீ இருந்தால் சொல்லியிருப்பாயா? அண்ணாந்து பார்க்கும் அந்த முகத்திடம்? நீ ஊரைவிட்டுப் போனபோது அப்பாவிடம் முகம் பார்த்துச் சொல்லவில்லை. சந்தைக்குப் போகிறேன் என்று குட்டிக் குதிரையை ஓட்டிக்கொண்டு போனவன் நீ. மறுநாள் முதல் ஆடுகளைப் பார்க்க ஆள் இல்லை. அதனால்தான் என் பள்ளிக்கூடப் பை ஆணியில் தொங்கியது. இதை உன்னிடம் நான் சொன்னதே இல்லை. இப்போது சொல்லிவிட்டேன். செய்தி என்றால் செய்தி.

உலான் அண்ணாவின் நாற்பதாம் நாள் முடிந்தது. அன்றைக்கு ஆட்டுக்குட்டியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு சகின் எஜெயின் வாசலுக்குப் போனேன். என்ன பேசுவது என்று வீட்டிலேயே சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் போனேன். அங்கே எல்லாம் மறந்துவிட்டது. கயிற்றை மட்டும் நீட்டினேன்.

எஜெ வெளியே வந்தார். மெலிந்துவிட்டார். குட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கொண்டு போ" என்றார். "குடுத்த சுயுஞ்சுவ எவ திருப்பி வாங்குவா? ஆனா ஒண்ணு. எனக்கு ஒரு நல்ல சேதி நீ பாக்கி. நெஜமான சேதி. அது வர்ற வரைக்கும் இந்தக் குட்டிய நீ வச்சிருக்கே, அவ்வளவுதான்."

எங்கே போய்க் கொண்டு வருவேன்? அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியாக இல்லை. காலையில் எழுந்ததும் கால் தானாகப் பாறைப் பக்கம் போகிறது, பாதி வழியில் திரும்பி வருகிறேன்.

இன்னொன்று. உன் எழுத்து காற்றில் சாய்ந்த புல் போல ஒரு பக்கமாகச் சாயும். போன கடிதத்தில் எழுத்தெல்லாம் நேராக நிற்கிறது. 'அன்புள்ள' என்று நீ எனக்கு ஒருநாளும் எழுதியதில்லை. நன்றாக இருக்கிறேன் என்று மூன்று வரி எழுதுகிறவன் நன்றாக இல்லை. எனக்குத் தெரியாதா? நானே அப்படிச் சொன்னவள்.

யார் எழுதிய கடிதம் அது? நீ எங்கே இருக்கிறாய்?

மீரிம்


பிஷ்கெக், ஆஸ்பத்திரி
30 மே 2006

மீரிம்,

இடது கையால் எழுதுகிறேன். கோணல் மாணலாக இருக்கும்.

உனக்கு இரண்டு பக்கமும் ஆள் வைத்துச் சொல்ல இங்கிருந்து என்னால் முடியாது. ஆகவே நீயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து படி. ஏப்ரல் கடைசியில் விழுந்துவிட்டேன். உச்சியிலிருந்து இல்லை, உச்சியிலிருந்து என்றால் இப்போது எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். கயிறு மாற்றும்போது கால் வழுக்கியது. தோள் எலும்பும் வலது கையும் உடைந்தன. கட்டுப் போட்டிருக்கிறார்கள். விரல்கள் அசைகின்றன, ஆனால் பழையபடி பிடிக்குமா என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை.

அந்தக் கடிதத்தை என்னோடு வேலை செய்கிறவனிடம் சொல்லி எழுதவைத்தேன். நன்றாக இருக்கிறேன் என்று எழுது என்றேன். அதே கடிதத்தில் உன்னை உண்மை பேசச் சொன்னேன். அவனே எழுதும்போது என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

பை ஆணியில் தொங்கியது எனக்குத் தெரியும். தெரியாதது போல இருந்தேன்.

இங்கே ஜன்னலைத் திறந்தால் எல்லாப் பக்கமும் டவர். சிக்னல் முழுக் கோடும் இருக்கிறது. கூப்பிடத்தான் யாரும் இல்லை. அறையில் இருப்பவனிடம் போன் இருக்கிறது, அவன் எண்ணைப் பின்னால் எழுதியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை மதியங்களில் தருகிறேன் என்றான்.

டவரில் நான் ஏறி அப்பா அண்ணாந்து பார்ப்பது இனி நடக்காது என்று நினைக்கிறேன். அவரிடம் சொல்வதா வேண்டாமா என்று உன்னிடமே விடுகிறேன். எனக்குத் தெரியவில்லை.

எர்மெக்


கோக்-பெல்
12 ஜூன் 2006

எர்மெக் அண்ணா,

மந்தையோடு மேய்ச்சல் மலைக்குப் போக வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. ஆடு வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் போய்விட்டார்கள். அப்பா மூட்டை கட்டுகிறார், அவிழ்க்கிறார். காரணம் கேட்டால் சேணத்தில் வார் அறுந்திருக்கிறது என்கிறார். வார் நன்றாகத்தான் இருக்கிறது.

உன் கடிதத்தை நான்கு நாளாகச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

அளவு எடுப்பவர்கள் வந்துவிட்டார்கள். பேச்சு நின்றும் வந்துவிட்டார்கள். பாறையைச் சுற்றி சிவப்புக் குச்சிகள் நட்டிருக்கிறார்கள். அடுத்த வருஷம் அவரவர் வீட்டுக்குள்ளேயே போன் பேசலாம் என்று சொன்னார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குக் கை வரவில்லை. குதிரை வேண்டாம், கீழே கடிவாளம் பிடிக்க ஆளும் வேண்டாம். வரும் சேதியை ஒவ்வொருவரும் தனியாகக் கேட்பார்கள். மாவு பிசையும்போது, பால் கறக்கும்போது. அப்போது தோளை யார் பிடிப்பது? உன் ஆபீசில் யாராவது இதை யோசித்தார்களா?

மறுநாள் காலையில் சகின் எஜெ வந்தார். வாசலில் நின்றே சொன்னார்: "மாவுப் பெட்டிலேர்ந்து அத எடு. சின்னவனோட பேசணும்."

சின்னவன் அசத்தும் ரஷ்யாவில்தான் இருக்கிறான். அங்கே தங்குவதற்கான தாள்கள் சரியில்லாததால் அண்ணன் அடக்கத்துக்குக்கூட வர முடியாதவன். அதன் பிறகு அவனோடு எஜெ பேசவே இல்லை.

பாறைக்குப் போனதும் நான் வழக்கம்போல் ஏறப் போனேன். எஜெ என் தோளைப் பிடித்து நிறுத்தினார். "இந்தத் தடவை நான் மேல. நீ கீழ."

அவர் ஏறினார். நான் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எண்ணைப் போட்டுக் கொடுத்தேன். மேலே அவர் "அசத்? அசத்தா?" என்று கத்துவது கேட்டது. பிறகு அவர் பேசவில்லை, கேட்டுக்கொண்டே இருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது அண்ணா, அண்ணாந்து என் கழுத்து வலித்தது. அங்கே நின்றால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"என்ன சொல்றாரு எஜெ?" என்றேன்.

அவர் குனிந்து பார்த்தார். "நல்லா இருக்கானாம்" என்றார்.

நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். நம்புவதா என்று தெரியவில்லை. அது அவருக்குப் புரிந்துவிட்டது. போனைக் கீழே நீட்டினார். நான் காதில் வைத்தால் வெறும் கரகரப்பு. ஒரு கோடுதான்.

"ஏறு. பின்னாடி உக்காரு" என்றார்.

அங்கவடியில் கால் வைத்து அவர் பின்னால் ஏறினேன். அவர் காதுக்கும் என் காதுக்கும் நடுவில் போனை வைத்துக்கொண்டார். "அம்மா? இருக்கியா? யாரு மூச்சு விடறது?" என்றது குரல்.

எஜெ என் தொடையைக் கிள்ளினார். "சொல்லுடி."

"நான் மீரிம்" என்றேன்.

"எந்த மீரிம்?"

"போன் வச்சிருக்கற மீரிம். எர்மெக் தங்கச்சி." நிறுத்தியிருக்கலாம், ஆனால் நிற்கவில்லை. "நீங்க நல்லா இருக்கீங்களா? நெஜமாவே?"

 "நெஜமாச் சொன்னா அவ்வளவு நல்லா இல்ல" என்றான் அசத். "இருமல் விட மாட்டேங்குது. அண்ணன் வேலை பார்த்த எடத்துக்கே மாறி வந்துட்டேன், அவன் படுத்த இடத்துலதான் படுக்கறேன், தூக்கம் வர்றதில்ல. ஆனா வேலைக்குப் போறேன். தாள் சரியாயிடுச்சு, குளிருக்கு முன்னாடி வந்துடுவேன். அம்மாகிட்ட இருமலச் சொல்ல வேணாம்."

"எனக்குக் கேட்டுக்கிட்டுத்தான்டா இருக்கு, மடையா" என்றார் எஜெ. அப்போதுதான் அழுதார். என் கை அவர் தோளில்தான் இருந்தது, பின்னால் உட்கார்ந்தால் வேறு எங்கே பிடிப்பது?

இறங்கி வரும் வழியில் எஜெ, "இதான் சேதி. இருமல் இருக்கறதால நம்பறேன். குட்டி இனி உன்னோடது" என்றார்.

அப்போது உன் கடிதத்தை எடுத்து அவரிடம் கொடுத்தேன். அங்கேயே நின்று படித்தார். என்ன செய்யலாம் என்று நான் கேட்கவில்லை. "வா" என்றார், அவ்வளவுதான்.

அப்பா வீட்டுக்குள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். எஜெ போய் அவருக்கு வலது பக்கம் உட்கார்ந்தார். நான் இடது பக்கம் உட்கார்ந்தேன். நாங்கள் இரண்டு பேரும் ஒரு நொடிகூட யோசிக்காமல் செய்துவிட்டோம். அப்பா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கிண்ணத்தை மெதுவாகக் கீழே வைத்தார்.

"எப்போ?" என்றார்.

அந்தக் குரலை நான் இதற்கு முன் கேட்டதில்லை அண்ணா. உன் பெயரைக்கூடச் சொல்லாத மனிதரின் குரல் அது.

"ஐயோ, உயிரோட இருக்கான் அண்ணே" என்றார் எஜெ பதறிப்போய். "கைதான். கைதான் ஒடஞ்சிருக்கு."

நான் கடிதத்தை முழுவதும் படித்துக் காட்டினேன், டவரில் ஏறி அவர் அண்ணாந்து பார்ப்பது வரை. அப்பா அந்தக் கோணல் எழுத்தை வாங்கி வெகு நேரம் கையில் வைத்திருந்தார். பிறகு எழுந்து வெளியே போனார். கொட்டிலில் சேணத்தை இறக்கும் சத்தம் கேட்டது.

"மீரிம்" என்று அங்கிருந்தே கூப்பிட்டார். "வெள்ளிக்கிழமை குதிரைய யாருக்கும் வாடகைக்கு விடாத. எனக்கு வேணும்."

குபாத் நாளை பிஷ்கெக் வரை போகிறார், இதை உன் கையில் கொடுத்துவிடுவார். ஆகவே வெள்ளிக்கிழமை மதியம் போனை நீயே கையில் வைத்திரு. நான் எண்ணைப் போட்டுக் கொடுத்துவிட்டுக் கீழே கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். உன்னிடம் சொல்ல எனக்கும் நிறைய இருக்கிறது. ஆனால் முதலில் அவர் பேசட்டும். நீ நன்றாக இருக்கிறாயா என்று கேட்டால், கையில் எங்கே வலிக்கிறது என்பதிலிருந்து தொடங்கு.

மீரிம்